பகலெல்லாம் தூங்கும் பேரனை என்ன செய்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, தாத்தா பாட்டியிடம் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. முதல் கடிதம் நீளம், அதற்கு நான் எழுதிய பதில் அதைவிட நீளம். சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: அன்புத் தங்கைக்கு, எனக்கு 71 வயது, வீட்டுக்காரருக்கு 76. ஈசூனில் மூவறை வீட்டில் இருக்கிறோம். மகள் வயிற்றுப் பேரன் எட்டு வயதிலிருந்து எங்களிடம்தான் வளர்கிறான். மகள் மணமுறிவுக்குப் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டு பெர்த்தில் இருக்கிறாள். மாதாமாதம் ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தாள், பையனுக்கு 21 ஆனதும் அதுவும் நின்றுவிட்டது. இப்போது அவனுக்கு 23. ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்தில் நைடெக் சான்றிதழ்ப் படிப்பு முடித்தான், தேசிய சேவை முடித்தான். அதற்கப்புறம் ஒரு கிடங்கில் நான்கு மாதம், ஒரு கடையில் ஆறு வாரம், பிறகு சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கொஞ்ச நாள். ஆறு மாதமாக எதுவும் இல்லை. விடிய விடிய கேம் விளையாடுகிறான், பகல் மூன்று மணிக்கு எழுந்திருக்கிறான். நான் சோற்றைச் சூடு பண்ணிக் கொடுப்பேன், தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவன் போன் பில் நான்தான் கட்டுகிறேன். கடன் கடையில் 1,200 வெள்ளி வாங்கியிருந்தான், தாத்தாவுக்குத் தெரியாமல் நான் அடைத்தேன். இப்போது மறுபடியும் 1,500 என்கிறான். போன மாதம் பணம் இல்லை என்று சொன்னதும் அறைக் கதவை ஓங்கிக் குத்தினான், கதவு ஓட்டையாகிவிட்டது. அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். தாத்தா "வெளியே போகச் சொல்லு" என்கிறார், இரண்டு பேரும் பேசி நான்கு மாதம் ஆகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தவறாமல் தாத்தாவின் மாத்திரைகளை ஏழு நாள் பெட்டியில் பிரித்து வைப்பது அவன்தான். நாங்கள் போன பிறகு இவன் கதி என்ன? வெளியே அனுப்புவதா, வைத்துக்கொள்வதா? — பெயர் வேண்டாம், ஈசூன்.

பதில்: அக்கா, மாத்திரைப் பெட்டி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 76 வயதுக்காரருக்கு ரத்தக்கொதிப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ராத்திரி ஒன்று, சிலது சாப்பாட்டுக்கு முன், சிலது பின், ஒன்றைப் பாதியாக உடைக்க வேண்டும், இதில் ஒன்று மாறினாலும் ஆஸ்பத்திரிதான். தன்னோடு பேசாத தாத்தாவுக்காக ஒரு வாரம்கூட விடாமல் இதைச் செய்கிற பையன் உதவாக்கரை கிடையாது. அவனுக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளத் தெரிகிறது, வீட்டில் அவனுக்கென்று கொடுத்திருக்கும் பொறுப்பு அது ஒன்றுதான் என்பதே என் கவலை.

வெளியே அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று கேட்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கல்யாணமாகாத ஒருவர் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயதாக வேண்டும். வேலையும் கையில் காசும் இல்லாத 23 வயதுப் பையனை வெளியே தள்ளினால் முதல் வாரம் ஒரு நண்பன் வீட்டுச் சோபா, அடுத்த வாரம் இன்னொரு சோபா, அதற்கப்புறம் கடன் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள்தான் அவனுக்குச் சொந்தக்காரர்கள். ஊரில் உள்ள பெரும்பாலான பிள்ளைகள் கல்யாணம் ஆகும்வரை பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் பேரன் சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டியது உங்கள் கூரைக்குக் கீழேயேதான். ஆனால் இப்போது இருக்கிற மாதிரியே வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் உடம்பையும் மனதையும் பாருங்கள். ராத்திரி பகல் மாறிப்போன தூக்கம், சாத்திய கதவு, எந்த வேலையிலும் ஒட்டாதது, திடீர்க் கோபம், உடனே அழுகை. இதைச் சோம்பேறித்தனம் என்று தாத்தா சொல்வார். எனக்கு மனச்சோர்வாக இருக்குமோ என்று தோன்றுகிறது, கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும். மனநலக் கழகத்தின் கீழ் 'சாட்' என்ற சேவை 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்காகவே இருக்கிறது. மனநலப் பரிசோதனைக்குக் காசு கிடையாது, அவனே நேரடியாகக் கேட்டுப் போகலாம், பெற்றோருக்கும் முதலாளிக்கும் தகவல் போகுமோ என்ற பயமும் வேண்டாம். பலதுறை மருந்தக டாக்டரிடம் சொன்னாலும் வழி காட்டுவார்.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். சண்டைக்கு நடுவில் "உனக்குப் பைத்தியம், போய்க் காட்டு" என்கிற தொனியில் காதில் விழுந்தால் ஜென்மத்துக்கும் போக மாட்டான். ஞாயிறு ராத்திரி மாத்திரை பிரிக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். கை வேலையாக இருக்கும், உங்கள் முகத்தை அவன் பார்க்க வேண்டியதில்லை, பையன்கள் அப்படிப்பட்ட நேரத்தில்தான் வாயைத் திறப்பார்கள். "கண்ணு, உனக்கு ராத்திரி தூக்கம் வர்றதே இல்லையேப்பா, எனக்கு மனசு கேக்கல, ஒரு தடவை பேசிப் பாத்துட்டு வா, அம்மாச்சிக்காக" என்று சொன்னால் போதும். ஒரே நாளில் சரி என்று சொல்ல மாட்டான். அடுத்த ஞாயிறும் மாத்திரை உண்டு.

உயிரோடு இருந்து என்ன செய்யப்போகிறேன் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள். "சாகணும்னு தோணுதாப்பா" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகம் 6389 2222, மூன்றும் 24 மணி நேரமும் எடுக்கும் எண்கள். எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

சரி, பணம். இந்த இடத்தில் நான் உங்களோடு கொஞ்சம் சண்டை போடப்போகிறேன், கோபப்படாதீர்கள். அந்த 1,200 வெள்ளியைத் தாத்தாவிடம் மறைத்தது பெரிய தப்பு. அவர் கடுமையாக இருப்பதால் நீங்கள் மறைக்கிறீர்கள், நீங்கள் மறைத்துக் கொடுக்கிறீர்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிவதால் அவர் இன்னும் கடுமையாகிறார். நடுவில் பையன் யாரிடம் எதைக் கேட்டால் நடக்கும் என்று கற்றுக்கொண்டுவிட்டான். இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். திட்டுவார், திட்டட்டும். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சாக நிற்காவிட்டால் நான் கீழே எழுதும் எதுவும் நடக்காது.

இப்போது கேட்கும் 1,500-ஐக் கட்டாதீர்கள். கடன் பத்திரத்தில் ஜாமீனாக நீங்கள் கையெழுத்துப் போடாதவரை அது உங்கள் கடன் இல்லை. யாரும் உங்களிடம் கேட்க உரிமையும் இல்லை. முதலில் அவனை உட்கார வைத்து, எங்கே வாங்கினான் என்று கேளுங்கள். உரிமம் பெற்ற கடையா, உரிமம் இல்லாமல் கடன் கொடுக்கும் ஆ லாங்கா? உரிமம் பெற்ற கடை என்றால் வட்டி மாதம் 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தாமதக் கட்டணம் மாதத்துக்கு 60 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் கேட்டால் புகார் கொடுக்கலாம். ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைந்த சிங்கப்பூரருக்கு எல்லா உரிமக் கடைகளிலும் சேர்த்தே 3,000 வெள்ளிக்கு மேல் கடன் கொடுக்க முடியாது. அவனே கடைக்குப் போய், தவணையைச் சின்னதாக்கி நீட்டித் தரும்படி கேட்க வேண்டும். நீங்கள் வேண்டுமானால் கூடப் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பேசுவது அவனாக இருக்கட்டும். இன்னொரு வசதி பலருக்குத் தெரிவதில்லை, "இனிமேல் எனக்குக் கடன் கொடுக்காதீர்கள்" என்று மனிலெண்டர்ஸ் கிரெடிட் பீரோவில் ஒருவர் தன் பெயரைத் தானே பதிந்துகொள்ளலாம். அவன் மனம் வைத்து அதைச் செய்தானென்றால் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி.

ஆ லாங் என்றால் ஒரு காசும் கொடுக்காமல் போலீசுக்குப் போங்கள். 1800 924 5664 இதற்கென்றே இருக்கும் எண். அவர்கள் வங்கிக் கணக்கையும், அரசாங்க மின் அடையாளமான சிங்பாஸையும் கேட்பார்கள், "கடனைக் கழித்துவிடுகிறோம், கணக்கை மட்டும் கொடு" என்பார்கள். கொடுத்தால் இவன்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பான். இதை அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் சிங்பாஸ் எண்ணும் வங்கி அட்டையும் உங்களிடமே இருக்கட்டும், பேரனுக்குத்தான் போனில் எல்லாம் தெரியும் என்று அவன் கையில் கொடுத்து வைக்காதீர்கள்.

கதவுக் குத்து. அழுதான் என்பதால் அதை மறந்துவிடக் கூடாது. அவன் நிதானமாக இருக்கும்போது, தாத்தாவும் இருக்கும்போது, "இன்னொரு தடவை கை ஓங்கினால் நான் உதவி கூப்பிடுவேன், போலீசும் வரும்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். சொன்னால் செய்யவும் வேண்டும். வீட்டு வன்முறைக்கு 1800 777 0000, 24 மணி நேரமும் உண்டு. ஆபத்து என்றால் 999. கதவை மாற்றும் செலவு அவனுடையது, வேலைக்குப் போன முதல் மாதச் சம்பளத்தில். அதுவரை ஓட்டை அப்படியே இருக்கட்டும், காலண்டர் மாட்டி மறைக்காதீர்கள்.

இப்போது அந்த மூன்று மணிச் சோறு.

எங்கள் அம்மா தோ பாயோவில் என் அண்ணன் மகனை வளர்த்தார். சட்டை இஸ்திரி போடுவதிலிருந்து பில் கட்டுவதுவரை எல்லாம் அம்மா. மாதம் பிறந்தால் மின்சார பில்லையும் நகர மன்றப் பில்லையும் ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு புளோக்குக்குக் கீழே ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் வரிசையில் நிற்பார். அவனுக்கு 29 வயதிருக்கும்போது அம்மா போய்விட்டார். நாலாம் மாதம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த இழுப்பறையில் பிரிக்காத கடித உறைகள், ஒன்றின் மேல் ஒன்று, கடைசியாக வந்தவற்றில் சிவப்பு எழுத்து. "அத்தை, இதெல்லாம் எங்க கட்டுறது?" என்று கேட்டான். கெட்ட பையன் இல்லை, குடி கிடையாது, சூது கிடையாது. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவனை உட்கார வைத்து ஒவ்வொரு உறையாகப் பிரித்துக் காட்டும்போது எனக்கு அம்மா மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது, அன்பினால் செய்தார் என்று தெரிந்தும் வந்தது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சோற்றைச் சூடு பண்ணிக் கொடுப்பதை நிறுத்துங்கள். சமையுங்கள், மூடி வையுங்கள், அவன் எழுந்து வந்து தானே சூடு பண்ணிச் சாப்பிடட்டும், தட்டைக் கழுவட்டும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அடுத்த மாதம் அவன் துணியை அவனே துவைக்கட்டும். அதற்கடுத்த மாதம் எஸ்பி மின்சார பில் கட்டுவது அவன் வேலை. பணம் நீங்கள் கொடுங்கள், கட்டுவதும் நாள் தவறாமல் பார்ப்பதும் அவன் பொறுப்பு. போன் பில்லுக்கு மட்டும் தேதி வைத்துவிடுங்கள், இன்றிலிருந்து மூன்று மாதம், அதற்குள் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவன் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொன்றாகக் கொடுங்கள், தேதி சொல்லிக் கொடுங்கள், கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். அவன் ஒரு நாள் பட்டினி கிடப்பான், ஒரு வாரம் போன் வேலை செய்யாது. உங்களுக்கு வயிற்றைப் பிசையும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போனதும் வீட்டுச் செலவுக்கு மாதம் 150 வெள்ளியாவது வாங்குங்கள். அதை அவனுக்குத் தெரியாமல் சேர்த்து வைத்து ஒரு நாள் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைப்பீர்கள், எல்லாப் பாட்டிகளும் நினைப்பார்கள். வேண்டாம். அந்தப் பணத்தில் மீன் வாங்குங்கள், "இது உன் காசுல வாங்குன மீன்" என்று சொல்லிப் பரிமாறுங்கள்.

வேலை விஷயத்தில் இரண்டு மூன்று தகவல்கள். சாப்பாடு கொண்டுபோகும் வேலையை மட்டமாக எண்ணாதீர்கள். 2025 ஜனவரி முதல் இந்த வேலை செய்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, 1995-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு நிறுவனமும் மசேநிதியில் (மத்திய சேம நிதி) பங்கு போட வேண்டும், வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. வாரம் மூன்று நாள் அதைச் செய்யத் தொடங்கினாலே பகலில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். நிலையான வேலைக்கு ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்தில் ஆலோசகர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், அல்லது சிண்டாவில் கேட்கலாம். 1991-லிருந்து நம் இந்தியப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் அமைப்பு, அதற்கு நம் சம்பளத்திலிருந்துதானே மாதாமாதம் போகிறது.

படிப்புக் கதவும் மூடிவிடவில்லை. அவன் நைடெக் படித்தவன். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, 30 வயதுக்கு உட்பட்ட ஐடிஇ பட்டதாரி டிப்ளோமா படிக்கச் சேர்ந்தால் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி போடுவார்கள், டிப்ளோமா முடித்தால் மசேநிதி சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளி. அந்தக் கல்விக் கணக்கில் ஏற்கெனவே, பள்ளிக்கூடக் காலத்து எடுசேவ் கல்விப் பணத்தின் மிச்சம் கிடக்கக்கூடும், கல்வி அமைச்சிடம் கேட்டால் சொல்வார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டிப்ளோமாவும் ஐடிஇயிலேயே இருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் விசாரித்துப் படிவத்தை நிரப்பி அவன் முன்னால் வைக்காதீர்கள், இந்தப் பக்கத்தைக் கிழித்து மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.

கிடங்கு வேலையை ஏன் விட்டான், கடையை ஏன் விட்டான் என்று யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. மேலதிகாரி திட்டினாரா, ராத்திரி ஷிப்டா, சகவாசம் பிடிக்கவில்லையா, காலையில் எழ முடியவில்லையா? காரணத்தைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை எதுவென்று சொல்ல முடியும்.

தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு அடுத்து எப்போது மருந்தக முறை வருகிறதோ அன்றைக்கு நீங்கள் போகாதீர்கள், முட்டி வலி என்று சொல்லுங்கள், வலிக்கத்தான் செய்யும். பேரன் கூட்டிக்கொண்டு போகட்டும். அங்கே நம்பர் வரும்வரை இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டால் பதில் தெரிந்தவன் பேரன்தான், அதைத் தாத்தா காதால் கேட்கட்டும்.

"நாங்கள் போன பிறகு" என்று கேட்டீர்களே, அதற்கு இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் முஸ்லிம் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், மசேநிதிக்கு நீங்கள் யாரையும் நியமிக்காமல் போனால் அந்தப் பணம் சட்டப்படி பாதி கணவருக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். மகள் உயிரோடு இருக்கும்போது பேரனுக்கு ஒரு வெள்ளிகூட வராது. உயிலில் எழுதினாலும் வராது, மசேநிதி உயிலின்படி போவதில்லை, தனியாக நியமனம் செய்ய வேண்டும். அவனுக்கு ஏதாவது விட நினைத்தால் இந்த மாதமே செய்யுங்கள், எவ்வளவு என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். வீட்டில் அவன் பெயரைச் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். திருமணம், மணமுறிவு, மரணம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் வீவக உரிமை மாற்றத்துக்குச் சம்மதிக்கும், அதில் அலைய வேண்டாம்.

மகளிடமும் பேசுங்கள். பணம் கேட்க அல்ல. அவள் விட்டுப்போனதற்கு நீங்கள் 15 வருஷமாக ஈடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் அக்கா, ஒவ்வொரு தட்டுச் சோற்றிலும் அது தெரிகிறது. வாரம் ஒரு தடவை அவனுக்கு அவளே போன் செய்யட்டும். அவன் எடுக்காவிட்டாலும் செய்யட்டும்.

உங்களால் தனியாக இதையெல்லாம் தொடங்க முடியாது என்று தோன்றினால் உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்துக்கு நடந்தே போகலாம், காசு இல்லை. பேரன் வர மறுத்தாலும் நீங்களும் தாத்தாவும் மட்டும் போய்ப் பேசலாம். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எழுதத்தான் வேண்டும்.

கேள்வி: என் பேத்திக்கு 20 வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காதல் விவகாரத்தில் அப்பா அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு பிடோக்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. நான் தனி ஆள். "நீங்கள் இடம் கொடுப்பதால்தான் அவள் ஆடுகிறாள்" என்று மகன் என்னோடு பேசுவதில்லை. அவளைத் திருப்பி அனுப்பவா? — ஒரு தாத்தா, பிடோக்.

பதில்: ஐயா, அவள் ஓடிப்போன இடம் உங்கள் வீடு. அதற்கு உங்கள் மகன் நிம்மதிப்பட வேண்டும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் படுவார். திருப்பி அனுப்பாதீர்கள். அதே சமயம் இது கணக்கில்லாத தங்கல் ஆகிவிடவும் கூடாது. இந்தப் பருவத் தேர்வு முடியும்வரை என்று ஒரு தேதி சொல்லுங்கள், அன்றைக்கு நான்கு பேரும் உட்கார்ந்து பேசுவது என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

மகனுக்குத் தினமும் ஒரு வரி வாட்ஸ்அப் அனுப்புங்கள். "சாப்பிட்டாள், வகுப்புக்குப் போனாள்." அவ்வளவுதான். அவர் பதில் போடாவிட்டாலும் படிப்பார். ஆனால் "அப்பா இப்படிச் சொன்னார், அவள் அப்படிச் சொன்னாள்" என்று தூது மட்டும் போகாதீர்கள், நடுவில் நிற்பவர்மேல்தான் இரண்டு பக்கக் கோபமும் இறங்கும். காதலைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம்.

கல்லூரிக் கட்டணத்தை உங்கள் சேமிப்பிலிருந்து கட்டத் தொடங்கிவிடாதீர்கள். 21 வயதுவரை பிள்ளையைப் பராமரிப்பது பெற்றோரின் சட்டப்படியான கடமை. அதற்கு மேலும் படித்துக்கொண்டிருந்தால் நீதிமன்றம் நீட்டிக்கலாம். சண்டை என்பதால் அந்தக் கடமை தாத்தா தலைக்கு மாறாது. கைச்செலவுக்கு அவள் பகுதிநேர வேலை பார்க்கட்டும். அப்புறம் ஐயா, தனியாளாக இருந்த வீட்டில் இத்தனை வருஷம் கழித்து ஒரு பேச்சுக்குரல் கேட்கிறது. உங்களுக்கே அவள் போகக் கூடாது என்று தோன்றலாம். தோன்றினால் அதை உங்களிடமாவது ஒப்புக்கொள்ளுங்கள். தேதி வரும்போது தள்ளிப்போடச் சொல்லும் மனம் அதுதான்.

கேள்வி: எனக்கு 26 வயது. அம்மாச்சிதான் என்னை வளர்த்தார். இடையில் மூன்று வருஷம் நான் படாத பாடு படுத்தினேன், அத்தனையும் பொறுத்துக்கொண்டார். இப்போது துவாஸில் நல்ல வேலை. செங்காங்கிலிருந்து போய் வரவே நாளைக்கு மூன்று மணி நேரம் போகிறது. ஜூரோங்கில் நண்பனோடு அறை எடுக்கலாம் என்றதும் அம்மாச்சி சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் நன்றி கெட்டவனா? — செங்காங்.

பதில்: இல்லை தம்பி. போங்கள்.

ஆனால் போகும் விதம் ஒன்று இருக்கிறது. வீவக அறை என்றால் வாடகை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் வீவக அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அம்மாச்சியிடம் அந்த ஆறு மாதத்தையே சொல்லுங்கள், "ஒரேயடியாகப் போகிறேன்" என்று அவர் காதில் விழுந்திருக்கிறது, "ஆறு மாதம் போய்ப் பார்க்கிறேன்" என்பது வேறு. போவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் ஒதுக்கி அவருக்கான ஏற்பாட்டைச் செய்யுங்கள். உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு, 60 வயது தாண்டியவர்கள் போகலாம், நீங்களே கூட்டிக்கொண்டு போய் அங்கே ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எதிர்வீட்டில் உங்கள் நம்பரைக் கொடுங்கள். குளியலறையில் கைப்பிடி இல்லையென்றால் போட்டுவிட்டுப் போங்கள்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு வருவேன் என்று சொன்னால் வந்துவிட வேண்டும், மழையானாலும், ஓவர்டைம் ஆனாலும். அவருக்கு அந்த மூன்று வருஷம் இன்னும் ஞாபகம் இருக்கும், நீங்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போனால் மறுபடி அப்படி ஆகிவிடுவீர்களோ என்ற பயம்தான் அந்தப் பட்டினி என்று நினைக்கிறேன். அதை வாயால் தீர்க்க முடியாது, நான்கைந்து ஞாயிறு தீர்க்கும்.

கிளம்பும் அன்று வீட்டுச் சாவியை அவரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். அவர் பார்க்க உங்கள் புது அறைச் சாவி இருக்கும் அதே வளையத்தில் மாட்டிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.